குடலைக் கேட்காமல் கொடுத்த சான்றிதழ்

சென்ற இதழில் உணவுத் தொழில்நுட்பம் பயின்ற ஒருவர், பாக்கெட் உணவைக் கண்டு அஞ்சுகிறவர்களுக்கு அறிவியல் வகுப்பு எடுத்திருக்கிறார். பத்திகள் பல, அடிப்படை வாதங்கள் நான்குதான். அரசு அனுமதித்த சேர்பொருள் குடலுக்குக் கேடு செய்யாது. அளவுக்கு மிஞ்சினால்தான் எதுவும் நஞ்சு. எலிக்கு வந்தது மனிதருக்கு வராது. மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் உணவுக்குள் வரும் மாசு பொருட்படுத்தத் தேவையில்லாத அளவே. இவற்றோடு, தண்ணீரும் ரசாயனம்தானே என்று ஒரு நையாண்டி. உண்மைதான், தண்ணீரும் ரசாயனமே. ஆனால் தண்ணீரை எந்த நிறுவனமும் 466 என்று எண்ணிட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும்படி பாக்கெட்டின் மடிப்பில் அச்சிடுவதில்லை.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதப்படுத்தும் பொருட்கள் உயிர் காத்திருக்கின்றன. இறைச்சியில் சேர்த்த நைட்ரைட், பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சேற்றத்தைத் தடுத்தது. கட்டுரையாளர் இதைச் சொன்னார், சரி. ஆனால் பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்று முடிவுகட்டி, அதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் 2015ல் வைத்தது உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை. இதைச் சொல்ல அவருக்கு இடம் போதவில்லை போலும். தண்ணீர் நையாண்டிக்கு இடம் இருந்தது.

இனி, அவருடைய முதல் தூண்: அனுமதி. பொட்டாசியம் புரோமேட் என்றொரு பொருள். மாவு நன்றாக உப்ப, ரொட்டி வெள்ளையாக வர, பேக்கரிகள் சேர்த்துவந்தது. மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று 1999ல் அதே புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. பிரிட்டன் 1990லேயே தடை செய்துவிட்டது. இந்தியாவில் அது அனுமதிப் பட்டியலிலேயே இருந்தது. அடுப்பில் வேகும்போது சிதைந்துவிடும், ரொட்டியில் மிஞ்சாது என்பது சமாதானம். 2016 மே மாதம் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 38 வகை ரொட்டி, பன், பாவ் மாதிரிகளைச் சோதித்த முடிவை வெளியிட்டது. 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட்டோ அயோடேட்டோ இருந்தது. அடுத்த மாதமே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் புரோமேட்டைப் பட்டியலிலிருந்து நீக்கியது. ‘அனுமதிக்கப்பட்டது, ஆகவே பாதுகாப்பானது’ என்ற வாக்கியம் 2016 மே மாதத்தில் புரோமேட்டுக்கும் பொருந்தியது. ஜூன் மாதத்தில் பொருந்தவில்லை. இடைப்பட்ட வாரங்களில் மாறியது அரசிதழ். நம் குடல் மாறவில்லை.

இந்தியாவின் மெத்தனம் என்று இதை ஒதுக்கிவிடலாமா? ஐரோப்பாவைப் பார்ப்போம். மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் பளீர் வெண்மை தருவது டைட்டானியம் டையாக்சைடு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு முகமை 2016ல் அதைக் குறித்துக் கவலைப்பட ஒன்றுமில்லை என்றது. 2017ல் வெளியான ஆய்வில், பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதை எலிகளுக்கு 100 நாள் கொடுத்தபோது, சில எலிகளின் பெருங்குடலில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் தென்பட்டன. 2021ல் அதே முகமை, மரபணுவுக்குச் சேதம் விளைவிக்காது என்று இனி உறுதி சொல்ல முடியாது, ஆகவே உணவில் இது பாதுகாப்பானதாகக் கருதத்தக்கதல்ல என்று நிலையை மாற்றிக்கொண்டது. 2022ல் ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. ஐ.நா. அமைப்புகளின் கூட்டு நிபுணர் குழு 2023ல் இதற்கு மாறான கருத்தைச் சொன்னது என்பதையும் மறைக்கவில்லை. உலகின் இரண்டு உயர்ந்த நிபுணர் குழுக்களே ஒரு வெள்ளைப் பொடியைப் பற்றி ஒத்துப்போகாதபோது, ‘அறிவியல் இதைத் தீர்த்துவிட்டது’ என்று நம் கட்டுரையாளர் மட்டும் எந்த மேடையிலிருந்து தீர்ப்புச் சொல்கிறார்?

அனுமதி பொய் என்பதல்ல என் வாதம். அனுமதிக்கு முன் கேட்கப்பட்ட கேள்விகளில் குடல் கிருமிகளைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் இருந்ததில்லை என்பதுதான். எலிக்குக் கட்டி வந்ததா, ஈரல் வீங்கியதா, எடை குறைந்ததா, குட்டி ஊனமாகப் பிறந்ததா என்று பார்த்தார்கள். பெருங்குடலின் சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தப் படலத்தின் உள்ளடுக்கு, கோடானுகோடி பாக்டீரியாக்களை நம் திசுக்களிடமிருந்து எட்டவே வைத்திருக்கும் வேலி. வேலி மெலிந்து பாக்டீரியா சுவரை நெருங்கினால், உடல் அதைப் பகையாக எண்ணி அழற்சியைத் தொடங்கும்.

எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்துவைக்கும் எமல்சிஃபயர்கள் இந்த வேலியை என்ன செய்கின்றன என்பது 2015ல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. 466 என்ற எண்ணுக்குப் பின்னால் இருக்கும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், 433 என்ற பாலிசார்பேட் 80, இரண்டையும் 12 வாரம் குடிநீரில் கலந்து சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். பாக்டீரியாக்கள் சளிப்படலத்துக்குள் ஊடுருவின, குடலில் மந்தமான அழற்சி வந்தது, உடல் கொழுத்தது, நோய் எதிர்ப்பில் மரபுக் குறையுள்ள எலிகளுக்குப் பெருங்குடல் அழற்சி கூடியது. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு அதே பொருளைக் கொடுத்தபோது இந்தக் கேடு வரவில்லை. ஆக, கேடு பாக்டீரியாக்கள் வழியாக வந்தது. கிருமிகளைக் கணக்கில் எடுக்காத பழைய சோதனை முறையின் கண்ணுக்கு அது தப்பியதில் வியப்பில்லை.

‘எலிதானே’ என்கிறார் கட்டுரையாளர். இங்கேதான் அவர் தம் கிளையைத் தாமே வெட்டுகிறார். அவர் போற்றும் ‘ஒரு நாளைக்கு ஏற்கத்தக்க அளவு’ எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் எலியிடமிருந்துதான். எலிக்குத் தீங்கு தெரியாத உச்ச அளவை எடுத்து, வழக்கமாக நூறால் வகுத்து, மனிதருக்கு எழுதிவைப்பார்கள். நல்ல செய்தி சொல்லும் எலி சாட்சி, கெட்ட செய்தி சொல்லும் எலி வெறும் எலி என்றால் அதற்குப் பெயர் அறிவியல் அல்ல.

எலியை விட்டு மனிதருக்கே வருவோம். அமெரிக்காவில் ஆரோக்கியமான 16 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து, எமல்சிஃபயர் இல்லாத உணவு கொடுத்து, அவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் நாளுக்கு 15 கிராம் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் சேர்த்தார்கள். பதினோரு நாளில் அந்தப் பிரிவினரின் குடலில் பாக்டீரியா வகைகள் குறைந்தன. குடலுக்கு நன்மை செய்யும் கொழுப்பு அமிலங்கள் சரிந்தன. சாப்பிட்ட பின் வயிற்று உபாதை கூடியது. இரண்டு பேருக்குப் பாக்டீரியா சளிப்படலத்துக்குள்ளேயே வந்துவிட்டது. முடிவுகள் 2022ல் வெளியாயின. 15 கிராம் என்பது சாதாரணமாக ஒருவர் உண்பதைவிட அதிகம், ஆய்வுக்குழுவும் சிறியது. இதை வைத்து எல்லோருக்கும் குடல் நோய் வரும் என்று நான் சொன்னால் நானும் அவரைப்போலத்தான் ஆகிவிடுவேன். ஆனால் ‘மனிதரில் சான்றே இல்லை’ என்று எழுதுவதற்கு, சான்றைத் தேடாமல் இருந்திருக்க வேண்டும்.

இப்போது, ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.’ நம் பழமொழியை இப்படிக் கேடயமாகத் தூக்கிப் பிடித்தவர், எந்த அளவைச் சொல்கிறார்? கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸுக்கு ஏற்கத்தக்க அளவென்று ஓர் எண்ணே தேவையில்லை என்று 2018ல் ஐரோப்பிய முகமை முடிவு செய்தது. அளவே குறிக்காத பொருளுக்கு ‘அளவுக்குள் இருந்தால் சரி’ என்று எப்படி உத்தரவாதம் தருவது? நம் ஊர் ஐஸ்கிரீம் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 471, 412, 466, 407 என்று எண்கள் இருக்கும். ஒவ்வொன்றும் எத்தனை கிராம் என்று இருக்காது. அச்சிட வேண்டும் என்ற சட்டமும் இல்லை. அளவுதான் எல்லாம் என்று வாங்குகிறவருக்கு உபதேசம். அந்த அளவை அவரிடம் சொல்ல மட்டும் ஆள் இல்லை.

அளவுக்குள் இருந்தும் குடல் மாறிய கதை வேண்டுமா? 2022ல் வெளியான ஆய்வில், இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 120 பேரைப் பிரித்து, சிலருக்குச் சர்க்கரைக்கு மாற்றான இனிப்புகளை அனுமதித்த அளவுக்கும் குறைவாக இரண்டு வாரம் கொடுத்தார்கள். சோதித்த நான்கு இனிப்புகளும் குடல் பாக்டீரியாவை மாற்றின. சாக்கரின், சுக்ரலோஸ் இரண்டும் சர்க்கரையைக் கையாளும் திறனையும் கெடுத்தன. எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. ஆளுக்கு ஆள் வேறுபட்டது. சராசரி மனிதருக்கென்று எழுதிய அளவு, சராசரி அல்லாதவரைக் காக்காது.

இன்னொன்று: அனுமதி ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே கொடுக்கப்படுகிறது, நாம் தனித்தனியே தின்பதில்லை. பிரான்சில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2025ல் வெளிவந்தது. சில சேர்பொருள் கலவைகளை அதிகம் உண்டவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவு கூடுதலாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. இருந்தாலும் கலவையைச் சோதிக்காமலே கலவை பாதுகாப்பானது என்று சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

பஞ்சு மிட்டாய்க்கு 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் தமிழ்நாடும் போட்ட தடையை, அமைப்பு சரியாக இயங்குகிறது என்பதற்குச் சான்றாகக் கட்டுரையாளர் காட்டுகிறார். அதில் பிடிபட்டது ரோடமைன் பி. துணிக்கும் தாளுக்கும் போடும் சாயம். உணவில் அதற்கு ஒருபோதும் அனுமதி இருந்ததில்லை. திருட்டுத்தனமாகக் கலந்ததைப் பிடித்ததால், உரிமத்தோடு கலப்பது குடலுக்கு என்ன செய்கிறது என்ற கேள்விக்குப் பதில் வந்துவிடுமா? இது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை.

கடைசியாக, மாசு. ‘நுண்ணளவு’ என்ற சொல்லை அவர் மந்திரம்போல உச்சரிக்கிறார். ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் ஏறக்குறைய 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்துவந்த நிலையம் ஒன்று இருந்தது. அங்கிருந்து ‘சுத்திகரித்து’ வெளிவிட்ட நீரை ஸ்வீடன் ஆய்வாளர்கள் சோதித்த முடிவு 2007ல் வெளிவந்தது. லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக். மாத்திரை சாப்பிட்ட நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். பிறகு சுற்றுவட்டாரக் கிராமக் கிணறுகளிலும் மருந்துகள் தென்பட்டன.

உண்மையிலேயே நுண்ணளவுதான் என்று வைத்துக்கொண்டாலும் அவர் தப்ப முடியாது. பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான செறிவைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைந்த ஆன்டிபயாட்டிக்கும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவை வளர்த்துவிடும் என்று உப்சாலா பல்கலைக்கழக ஆய்வு 2011ல் காட்டியது. இங்கே குறைந்த அளவு காப்பாற்றவில்லை. எதிரிக்குப் பயிற்சி கொடுக்கிறது. டெல்லிப் பகுதியில் 2014ல் சோதித்த 70 கோழி இறைச்சி மாதிரிகளில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாட்டிக் எச்சம் இருந்தது. வேறு எந்த மருந்துக்கும் கட்டுப்படாத கிருமிக்குக் கடைசியாகக் கொடுக்கும் கோலிஸ்டினை, கோழி கொழுக்கத் தீவனத்தில் கலந்துவந்தார்கள். அதை எதிர்க்கும் மரபணு ஒன்று பாக்டீரியாவிலிருந்து பாக்டீரியாவுக்குத் தாவுகிறது என்று சீனாவில் 2015ல் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார்கள். கோலிஸ்டினைக் கோழிக்குக் கொடுப்பதற்கு இந்தியா 2019 ஜூலையில்தான் தடை போட்டது. அந்தத் தடைக்கு முந்தைய நாள்வரை கட்டுரையாளரின் அளவுகோல்படி அதுவும் பாதுகாப்பானதே.

‘குடல் சுத்தம்’ என்று பொடி விற்கிறவர்களைக் காட்டி, மாற்றுக் கேள்வி கேட்பவர் எல்லோரையும் அவர்களோடு ஒரே வண்டியில் ஏற்றியிருக்கிறார். அந்த வியாபாரிகளுக்கும் எனக்கும் உறவில்லை. அவர்கள் சான்று இல்லாமல் பயத்தை விற்கிறார்கள். இவர் சான்று இல்லாமல் நிம்மதியை விற்கிறார். சரக்குதான் வேறு.

கேட்க வேண்டியவை எளிமையானவை. புதிய சேர்பொருளுக்கு அனுமதி கொடுக்கும் முன் குடல் பாக்டீரியாவையும் சளிப்படலத்தையும் சோதிக்க வேண்டும். பழையவற்றையும் அதே சோதனைக்குள் கொண்டுவர வேண்டும். பாக்கெட்டில் எண்ணுக்குப் பதில் பெயரும், பெயருக்குப் பக்கத்தில் அளவும், தமிழ்நாட்டில் விற்பதில் தமிழிலும் வேண்டும். மருந்து ஆலைக் கழிவுநீரில் ஆன்டிபயாட்டிக் எவ்வளவு இருக்கலாம் என்று சட்டம் வரம்பு சொல்ல வேண்டும். இவற்றில் எதைத் தவறு என்கிறார் கட்டுரையாளர்? அளவே முக்கியம் என்று உண்மையாகவே நம்புகிறவர், அளவை அச்சிடக் கோரும் மனுவில்தான் முதல் கையெழுத்து போட்டிருக்க வேண்டும். பேனா தயாராக இருக்கிறது, அவர் வருவாரா?