பிறந்தநாள் சாப்பாடு சமூக சேவை இல்லை

அன்புள்ள பழைய மாணவர்களுக்கும் உறவினர்களுக்கும்,

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும். கடைசிவரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன மாதம் மட்டும் நம் பேட்ச் வாட்ஸப் குழுக்களிலும் குடும்பக் குழுவிலும் ஐந்து ஆல்பம் பார்த்தேன். ஐந்திலும் ஒரே காட்சி. நடுவில் கேக், சுற்றிலும் ஏதோ ஒரு இல்லத்துப் பிள்ளைகள், பளபளவென்று நம் வீட்டுக் குழந்தை. மேலே ‘எங்கள் சிறு சமூக சேவை’ என்று ஒரு வரி. கீழே நூறு ஹார்ட். செய்தவர்கள் எல்லோரும் நல்ல மனசுக்காரர்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அது உங்கள் வீட்டுப் பிறந்தநாள் விழா. நடந்த இடம்தான் வேறு.

ரிட்டயர் ஆனதிலிருந்து வாரம் இரண்டு நாள் ஒரு இல்லத்தில் கணக்கு சொல்லித் தருகிறேன். பெயர் வேண்டாம். ஒரு ஞாயிறு மதியம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “சார், இன்னிக்கு யாருக்கு ஹாப்பி பர்த்டே பாடணும்?” முகம் தெரியாதவர்களுக்காக வருஷம் முழுக்க அந்தப் பாட்டைப் பாடுகிறார்கள் அவர்கள். விருந்தாளியின் கார் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டால், இலை முன்னால் கைகட்டிக் காத்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளையை அப்படி உட்கார வைப்பீர்களா?

கணக்கு வாத்தியார் ஆயிற்றே, கணக்கைப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மூன்று குடும்பம் போட்டி போடும். ஆகஸ்ட் 15, தீபாவளி, பொங்கல் என்றால் கேட்கவே வேண்டாம். செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கு ஆள் கிடையாது. அதோடு, ஒரு இல்லம் நடக்க சாப்பாடு மட்டும் போதாது. வார்டன் அம்மாவுக்குச் சம்பளம், ஈ.பி. பில், மூக்குக் கண்ணாடி, பல் டாக்டர், பெண் பிள்ளைகளுக்கு நாப்கின், பிளஸ் டூ முடித்தவர்களுக்குக் காலேஜ் ஃபீஸ் எல்லாம் வேண்டும். இதற்கு யாரும் வருவதில்லை. ஈ.பி. பில்லோடு நின்று போட்டோ எடுக்க முடியாதே!

போட்டோ என்றதும் ஒரு சட்டம். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் ஆல்பத்தில் இருக்கும் பையன் நாளைக்கு வேலைக்கு இன்டர்வியூ போவான். ‘அன்பின் கரங்களுக்கு நன்றி’ என்ற தலைப்போடு அவன் முகம் அங்கேயும் போய் நிற்க வேண்டுமா?

“அந்தக் காலத்திலிருந்து நம் மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் தர்மம் செய்யாத குடும்பம் உண்டா?” என்று அத்தை கேட்பார். நல்ல கேள்வி. அந்தக் காலத்தையே பார்ப்போம். நூறு வருஷத்துக்கு முன் சகோதரி சுப்பலட்சுமி, தானே சிறுவயதில் விதவையானவர், நான்கு பெண்களோடு விதவைச் சிறுமிகளுக்கான இல்லத்தைத் தொடங்கினார். அது வளர்ந்து ஐஸ் ஹவுஸுக்கு வந்தது. திதிக்குத் திதி சாப்பாடு போட்டு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. அந்தப் பெண்களைப் படிக்க வைத்து டீச்சர்களாக்கினார். அரசாங்கத்தின் கதவைத் தட்டி உதவி வாங்கினார். 1922-இல் தொடங்கிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியின் முதல் முதல்வரும் அவரே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பாருங்கள். 1930-இல் அவ்வை இல்லம் ஆரம்பித்தார், அது இன்றும் அடையாறில் இருக்கிறது. இல்லம் மட்டும் நடத்தினாரா? சட்டமன்றத்தில் தேவதாசி முறையை எதிர்த்துப் போராடினார். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை வெறும் 12 படுக்கைகளோடு தொடங்கினார். அந்தப் பெண்கள் ஏன் ஆதரவில்லாமல் வந்து நிற்கிறார்கள் என்று கேட்டு, காரணத்தின் மேலேயே கை வைத்தார்.

தி.நகர் யார் பெயரில் இருக்கிறது? பிட்டி தியாகராயர். 1920-இல் அவர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. அந்த விதைதான் பிறகு காமராஜரின் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-இல் காலை உணவு என்று வளர்ந்தது. பள்ளியில் சாப்பிடும் பிள்ளை யாருக்கும் பாட்டுப் பாட வேண்டாம், நன்றி சொல்ல வேண்டாம். அது அதன் உரிமை. ‘இலவசம் கொடுத்துக் கெடுக்கிறார்கள்’ என்று ஃபார்வர்டு அனுப்பும் நம் உறவினர்களே, உங்கள் பிறந்தநாள் சாப்பாடு மட்டும் என்ன, விலைக்கா விற்கிறீர்கள்?

2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கிறதா? அடையாறு ஊருக்குள் வந்தபோது நம் பசங்கள் படகிலும் இடுப்பளவுத் தண்ணீரிலும் போய் உதவினார்கள். அது உண்மையான சேவை, பெருமைப்பட்டேன். ஆனால் கிழிந்த சட்டையும் பழைய புடவையும் மூட்டை மூட்டையாகத் தெருவில் கிடந்து நாறியதையும் பார்த்தோம். அதையும் சேர்த்து அள்ளியவர்கள் வெளி மாவட்டங்களிலிருந்து வந்த துப்புரவுத் தொழிலாளிகள். அவர்களோடு எத்தனை பேர் செல்ஃபி எடுத்தோம்?

“ஒன்றுமே செய்யாததற்கு இது பரவாயில்லையே சார்?” என்பீர்கள். பரவாயில்லைதான், வேறு வழி இல்லாவிட்டால். வழி இருக்கிறது. நான் பாடம் சொல்லும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருப்பவர்கள். அப்பா போன பிறகு, நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவால் பார்த்துக்கொள்ள முடியாமல் கொண்டுவந்து விட்ட பிள்ளைகள். இல்லம் கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும், குடும்பமே முதல் இடம் என்று அதே சட்டம் சொல்கிறது. அந்த அம்மாவுக்கு விதவை உதவித்தொகை உண்டு. 2023-இல்தான் அது 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில், நகரத்தில் வருஷ வருமானம் 96,000 ரூபாய்க்குள் இருக்கும் இப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தர வழி இருக்கிறது. கிடைத்தால் பிள்ளை அம்மாவோடேயே இருக்கலாம். ஆனால் வருமானச் சான்று, இறப்புச் சான்று, பேங்க் கணக்கு, ஃபாரம் என்று அலைய அந்த அம்மாவுக்கு லீவு கிடைப்பதில்லை. லீவு தராத வீடு யாருடையது?

ஆகவே வீட்டுப்பாடம் தருகிறேன்.

ஒன்று: உங்கள் வீட்டில் வேலை செய்பவர், வாட்ச்மேன், இஸ்திரி போடுபவர் குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அரை நாள் சம்பளத்தோடு லீவு கொடுத்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குக் கூடவே போய் மனு கொடுங்கள்.

இரண்டு: இல்லத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் மாதாமாதம் கொடுங்கள். ‘சம்பளத்துக்கும் பில்லுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிக் கொடுங்கள். வரவு செலவுக் கணக்கு கேளுங்கள். அது உங்கள் உரிமை.

மூன்று: சாப்பாடுதான் போடுவேன் என்றால் போடுங்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரிக்கு. கேக்கும் கேமராவும் வேண்டாம்.

நான்கு: பழைய ஆல்பங்களில் இருக்கும் அந்தப் பிள்ளைகளின் படங்களை இன்றைக்கே அழித்துவிடுங்கள்.

தெருவில் ஆதரவில்லாமல் குழந்தையைப் பார்த்தால் 1098, தனியாகத் தவிக்கும் முதியவரைப் பார்த்தால் 14567. போனில் சேமித்து வையுங்கள். அமெரிக்காவில் இருப்பவர்களும்தான். உங்கள் அப்பா அம்மா இங்கேதானே இருக்கிறார்கள்.

மறுப்பு இருந்தால் கமென்ட்டில் எழுதுங்கள், பதில் சொல்கிறேன். கும்பிடு இமோஜி மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். மனு கொடுத்துவிட்டு வந்து ‘முடிச்சாச்சு சார்’ என்று ஒரு வரி போடுங்கள். வகுப்பில் போட்ட மாதிரி டிக் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்