தொட்டதால் பரவவில்லை

"கட்டியில கை வெச்சா பரவிடும்" என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் அந்தமானின் மாயாபந்தரில் அது செய்யும் கேடு பெரிது. தலைநகரிலுள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் போக, ஜாரவா காட்டைக் குறித்த நேரத்தில் கான்வாயோடு கடந்து, ஏறத்தாழ 240 கிலோமீட்டர் பயணம். மேல்சிகிச்சைக்குச் சென்னை என்றால் கடலையும் தாண்ட வேண்டும். அதற்கும் துணிந்து மூட்டை கட்டிய குடும்பத்தை, வாசலில் நின்று ஒரு சொந்தக்காரர் சொல்லும் அந்த ஒரு வரி நிறுத்திவிடுகிறது.

மூச்சுக்குழாய்க் கட்டியைக் கரண்டில் சுடுவார்கள் என்று கேள்விப்பட்டால் பயம் இரட்டிப்பாகிறது. அங்கே நடப்பது இதுதான். மூச்சுக்குழாய்க்குள் விடும் ப்ராங்கோஸ்கோப் கருவி வழியாக ஒரு மெல்லிய கம்பி கட்டியைத் தொடும். உயர் அதிர்வெண் மின்சாரம் அதில் பாய்ந்து, தோலில் ஒட்டியிருக்கும் தகடு வழியே திரும்பும். கம்பி தொடும் சிறு இடத்தில் மட்டும் சூடு குவிந்து கட்டி கருகும், இரத்தக் குழாய்களும் அடைபடும். காம்புள்ள கட்டியைச் சுருக்குக் கம்பியால் அறுத்தும் எடுப்பார்கள். ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். இரத்தம் கசியலாம், குழாய்ச் சுவர் துளைபடலாம். தீப்பற்றாமல் இருக்க ஆக்சிஜனை 40 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிட்டுத்தான் சுடுவார்கள். மருத்துவர்கள் அஞ்சிக் கவனமாக இருப்பது இவற்றுக்காகத்தான்.

அப்படியானால் தொட்டால் பரவும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? தாமதத்திலிருந்து. நம் நாட்டில் நுரையீரல் புற்று பலருக்கு முதலில் காசநோய் என்றே கருதப்படுகிறது. மாதக்கணக்கில் அந்த மாத்திரையே ஓடும். சதை எடுத்துச் சோதிக்கும்போது நோய் ஏற்கெனவே பரவியிருக்கும். அதன்பின் நோயாளி நலிந்தால், பழி முழுவதும் அந்தச் சோதனை மேல் விழுகிறது. ஊசி போன தடத்தில் புற்று அணுக்கள் ஒட்டுவது அரிதாக நடப்பதுண்டு. விதைப்பைக் கட்டி போன்றவற்றில் ஊசியைத் தவிர்ப்பதும் அதனால்தான். அந்த அரிய விலக்கைக் காட்டி எல்லாக் கட்டியையும் தொடாதே என்பது கொடுமை.

தொடாமல் விட்டால் என்ன ஆகும்? பெரிய மூச்சுக்குழாய் வெகுவாக அடைபட்டவர் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இரவைக் கழிக்க நேரலாம். அடைப்புக்கு அப்பால் சளி தேங்கிச் சீழ் பிடிக்கும். சுட்டுத் திறந்தால் பெரும்பாலும் உடனே மூச்சு இலகுவாகும். கீமோவையோ கதிர்வீச்சையோ தாங்கும் தெம்பும் வரும். பெரும்பாலான புற்றை இந்தச் சூடு மட்டும் தீர்த்துவிடாது. ஆனால் மூச்சு விட முடியாதவருக்கு எந்த வைத்தியத்தைத் தொடங்குவது?

சளியில் கிருமி தெரியாமலே காசநோய் மாத்திரை தொடர்கிறதா, ஒரு பக்கம் மட்டும் விசில் சத்தம் கேட்கிறதா, சி.டி. ஸ்கேன் கேளுங்கள். அடைப்பு குழாய்க்குள் வளர்ந்ததா, வெளியிலிருந்து அழுத்துவதா என்றும் கேளுங்கள். வெளியிலிருந்து அழுத்தினால் சூடு உதவாது, குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைக்க வேண்டிவரும். நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தாலோ இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.