நாற்காலி காலியானது எதனால்?

2025 அக்டோபர் 3ஆம் தேதி, காண்டர்பரியின் அடுத்த ஆர்ச்பிஷப் சாரா முல்லாலி என்று அறிவித்தார்கள். அன்று சாயங்காலமே நம்ம சபைக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குரூப்புகள் பற்றிக்கொண்டன. கடைசி காலம் வந்துவிட்டது என்றார் ஒருவர். ஒரு பெண் எப்படி ஆர்ச்பிஷப் ஆகலாம் என்றார் இன்னொருவர். 2026 மார்ச் 25 அன்று காண்டர்பரி கதீட்ரலில் அவர் பதவியேற்றபோது அதே ஃபார்வர்டுகள் இரண்டாவது ரவுண்டு வந்தன.

இத்தனை ஃபார்வர்டுகளில் ஒன்றில்கூட இந்தக் கேள்வி இல்லை: அந்த நாற்காலி முதலில் ஏன் காலியானது?

அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

இங்கிலாந்துச் சமாச்சாரம், நாக்பூரில் உட்கார்ந்து பேங்க் வேலை பார்ப்பவனுக்கு எதற்கு என்று கேட்கலாம். ஆங்கிலிக்கன் கூட்டமைப்பு என்பது 160க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவிக் கிடக்கும் பெரிய குடும்பம். காண்டர்பரி ஆர்ச்பிஷப்புக்குப் போப்பாண்டவர் மாதிரி அதிகாரம் கிடையாது. சமமானவர்களில் முதல்வர், அவ்வளவுதான். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் பிறந்த சி.எஸ்.ஐ. அந்தக் குடும்பத்தில் ஒரு உறுப்பினர். 1970ல் இதே நாக்பூரில் உருவான சி.என்.ஐ.யும் அப்படியே. திருநெல்வேலிக்காரர்களுக்கு உறவு இன்னும் நெருக்கம். மெஞ்ஞானபுரம் பக்கம் சி.எம்.எஸ்., நாசரேத் பக்கம் எஸ்.பி.ஜி. என்று நம்ம தாத்தா பாட்டி காலத்திலேயே பிரித்துச் சொல்வார்கள். இதில் சி.எம்.எஸ். என்பது ஆங்கிலிக்கன் சபையின் சுவிசேஷப் பிரிவு 1799ல் தொடங்கிய மிஷன். வேதமே முதல், மனந்திரும்புதலே முக்கியம் என்று சொல்லும் பிரிவு. 1820ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் அந்த மிஷன் அனுப்பியவர்தான். ஆகவே இது நம் வீட்டு விவகாரமும்கூட.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முந்தைய ஆர்ச்பிஷப் ஜஸ்டின் வெல்பி 2024 நவம்பர் 12ஆம் தேதி ராஜினாமாவை அறிவித்தார். காரணம் பெண் குருத்துவமும் இல்லை, உபதேசச் சண்டையும் இல்லை. அதற்கு ஐந்து நாள் முன்பு வெளியான மேக்கின் அறிக்கை.

அந்த அறிக்கை ஜான் ஸ்மித் என்ற லண்டன் பாரிஸ்டரைப் பற்றியது. பெரிய பள்ளிகளில் படிக்கும் பையன்களுக்கு சுவிசேஷப் பிரிவினர் நடத்திய ஐவர்ன் கேம்புகளில் அவர் முக்கியப் புள்ளி. அதை நடத்திய டிரஸ்டுக்கே சேர்மனாக இருந்தவர். பாவத்துக்குத் தண்டனை என்று சொல்லி, பையன்களைத் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகைக்குக் கூட்டிப்போய் ரத்தம் வரும்வரை பிரம்பால் அடித்தவர். 1982லேயே இது விசாரிக்கப்பட்டு, உள்ளுக்குள் ஒரு அறிக்கையும் எழுதப்பட்டது. படித்தவர்களில் குருமார்களும் உண்டு. போலீசுக்கு யாரும் போகவில்லை. வெளியே தெரிந்தால் ஊழியம் கெட்டுப்போகும் என்று நினைத்தேன் என்று, அப்போது சம்பந்தப்பட்டிருந்த ஒருவரே பின்னாளில் விசாரணையில் சொல்லியிருக்கிறார்.

1984ல் ஸ்மித் ஜிம்பாப்வேக்குப் போனார். அங்கேயும் கேம்ப், அங்கேயும் அடி. 1992ல் அவருடைய கேம்பில் 16 வயதுப் பையன் ஒருவன் நீச்சல் குளத்தில் இறந்துகிடந்தான். வழக்கு பாதியில் நின்றுபோனது. பிறகு தென்னாப்பிரிக்கா போனார். மூன்று நாடுகளிலும் சேர்த்து, பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல். 2018ல் எந்தக் கோர்ட்டிலும் தண்டனை பெறாமல் இயற்கையாகச் செத்துப்போனார்.

வெல்பிக்கு விஷயம் சொல்லப்பட்டது 2013ல். போலீசுக்கு அவர் முறைப்படி தெரிவித்திருக்க முடியும், தெரிவித்திருக்க வேண்டும் என்றது மேக்கின் அறிக்கை. அதன் பிறகும் ஐந்து வருஷம் அந்த ஆள் உயிரோடு இருந்தார்.

பேங்கில் வேலை பார்ப்பவர்களுக்கு இது உடனே புரியும். பிராஞ்சில் ஒருவன் மோசடி செய்தால் அவன் மேல் ஒரு சார்ஜ் ஷீட். தெரிந்தும் மேலே எழுதாத மேனேஜர் மேல் இன்னொரு சார்ஜ் ஷீட். "நான் பைசா தொடவில்லை சார்" என்று அவர் சொன்னால் விஜிலன்ஸ்காரர் சிரிப்பார். பிரச்சினைக்காரரைச் சத்தமில்லாமல் அடுத்த பிராஞ்சுக்குத் தள்ளிவிடுவது எங்கே போய் முடியும் என்பதும் நமக்குத் தெரியும். பணத்துக்கே இவ்வளவு என்றால் பிள்ளைகளுக்கு எவ்வளவு?

இப்போது ஃபார்வர்டு அன்பர்களின் வாதங்களுக்கு வருகிறேன்.

முதலாவது, பெண் என்பது. வேதத்தை வாசித்து, மனசாட்சிப்படி பெண் குருத்துவம் கூடாது என்று நம்புகிறவர்களை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் சி.எஸ்.ஐ. கோயிலில் நற்கருணை எடுத்துவிட்டு வந்து காண்டர்பரியைப் பார்த்து அதிர்ச்சி அடைகிறீர்களே, அதுதான் புரியவில்லை. சி.எஸ்.ஐ. 1970களிலேயே பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. இங்கிலாந்து சபை 1994ல்தான் கொடுத்தது. சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயர் புஷ்பலலிதா அம்மா, நந்தியால் திருமண்டலம், 2013. இங்கிலாந்தின் முதல் பெண் பிஷப் லிபி லேன், 2015. நாம்தான் சீனியர்! கேஃப்கான் என்று சுவிசேஷ ஆங்கிலிக்கன்கள் 2008ல் தொடங்கிய அணியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் முக்கியமான சபை கென்யா. அங்கே 2021லேயே பெண் பிஷப் வந்தாயிற்று. இதை ஃபார்வர்டில் யாரும் எழுதுவதில்லை.

இரண்டாவது, விஷயம் பெண் அல்ல, ஒருபால் ஜோடிகளை ஆசீர்வதிப்பதுதான் என்பது. 2023 பிப்ரவரியில் இங்கிலாந்து சபையின் சினட் அதற்கு வழிவிட்டது. முல்லாலி அந்த வேலையில் முன்னால் நின்றவர். உலகின் தெற்கு நாடுகளின் ஆர்ச்பிஷப்கள் பலர் வெல்பியைத் தலைவராக ஏற்கமாட்டோம் என்று அறிவித்தார்கள். 2025 அக்டோபர் 16ல் கேஃப்கான் காண்டர்பரியோடு உறவே வேண்டாம் என்று அறிக்கைவிட்டது. இது உண்மையான உபதேசத் தகராறு. அதை இங்கே தீர்க்கப் போவதில்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். 1982ல் ஸ்மித் விவகாரத்தை மூடி வைத்தவர்களின் உபதேசத்தில் ஒரு குறையும் இல்லை. வசனம் தலைகீழாகத் தெரிந்தவர்கள். ஜெபத்தில் குறைவு வைக்காதவர்கள். நம் பக்கத்து ஆட்கள். சரியான உபதேசம் அந்தப் பையன்களில் ஒருவனைக்கூடக் காப்பாற்றவில்லை.

மூன்றாவது, சபையின் அழுக்கை வெளியே துவைக்கக் கூடாது, கர்த்தருடைய நாமம் தூஷிக்கப்படும் என்பது. 1982ல் சொன்ன அதே காரணம். இங்கிலாந்தில் அரசு நியமித்த விசாரணை 2020ல் ஆங்கிலிக்கன் சபையைப் பற்றித் தனி அறிக்கையே தந்தது. 1940கள் முதல் 2018 வரை குருமார்களும் சபைப் பொறுப்பில் இருந்தவர்களுமாக 390 பேர் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றிருக்கிறார்கள். நாமம் எதனால் தூஷிக்கப்பட்டது, சொன்னதாலா, மறைத்ததாலா?

தேர்வு முறையையும் பார்ப்போம். காண்டர்பரிக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பது 17 வாக்குகள் கொண்ட ஒரு குழு. ரகசியக் கூட்டம், ரகசிய வாக்கு, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. இந்த முறை தலைவராக இருந்தவர் எம்.ஐ.5 உளவுத்துறையின் முன்னாள் டைரக்டர் ஜெனரல், பிரதமர் நியமித்தவர். முடிவு பிரதமர் வழியாக அரசருக்குப் போகும். முல்லாலி நர்ஸாக இருந்தவர், 1999ல் 37 வயதில் இங்கிலாந்து அரசின் தலைமை நர்ஸிங் அதிகாரி ஆனவர் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் ஒரு புகார் வந்தால் என்ன செய்வீர்கள் என்று அந்த அறையில் அவரைக் கேட்டார்களா, என்ன பதில் சொன்னார் என்பது வெளியே யாருக்கும் தெரியாது. ஒரு மூடிமறைப்பால் காலியான பதவியை மூடிய அறையில் நிரப்பினால் எப்படி? சிட்னி திருமண்டலம் சுவிசேஷப் பிரிவின் கோட்டை. பெண்களுக்கு அங்கே இன்றும் குருப்பட்டம் இல்லை, அது வேறு விஷயம். 2021ல் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த கனிஷ்க ராஃபெலை ஆர்ச்பிஷப்பாகத் தேர்ந்தெடுத்தபோது, போட்டியில் யார் யார் என்று முன்கூட்டியே ஊருக்குத் தெரியும். குருமார்களும் சபை மக்களும் தனித்தனியாக வாக்களித்து, இரண்டு பக்கமும் பெரும்பான்மை வரவேண்டும்.

நம்ம சி.எஸ்.ஐ. முறையும் காகிதத்தில் நல்ல முறைதான். திருமண்டலப் பெருமன்றம் வாக்களித்துப் பேனல் அனுப்பும், சினட் அதிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். ஆனால் தேர்தல் சமயத்தில் நாம் விசாரிப்பது என்ன? எந்த ஊர், எந்த அணி, யாருக்குச் சொந்தம். பிள்ளைகளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதாக யாராவது சொல்லுங்கள், பார்ப்போம்.

இதில் வெளியூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆபத்து இன்னும் ஒரு படி அதிகம். பாஷை தெரியாத ஊரில், தமிழ் பேசுகிற, பாட்டுப் பாடுகிற, "நான் நாசரேத் பக்கம்" என்று சொல்கிற ஒருவர் வந்தால் போதும், உருகிப்போகிறோம். அடுத்த ஞாயிறு சண்டே ஸ்கூல் கொடுத்துவிடுகிறோம். மே மாதம் கேம்புக்குப் பொறுப்பாளர் ஆக்குகிறோம். அவர் இதற்கு முன் எந்த ஊரில் இருந்தார், ஏன் கிளம்பினார் என்று யாரும் கேட்பதில்லை. ஐநூறு ரூபாயில் சேவிங்ஸ் அக்கவுண்ட் திறக்க வருபவரிடம் ஆதாரும் பான் கார்டும் கேட்கிறோம். பிள்ளையை ஒப்படைக்க கே.ஒய்.சி. கிடையாது.

நான் கேட்பது நான்கே விஷயம். ஒன்று, வி.பி.எஸ்., கேம்ப், டியூஷன் எதுவானாலும் வெளியிலிருந்து வருகிற பொறுப்பாளர் முன்பு இருந்த சபைக்கு போன் போட்டு விசாரித்து, அதை எழுதி வையுங்கள். இரண்டு, எந்தப் பிள்ளையும் எந்தப் பெரியவரோடும் கதவு சாத்திய அறையில் தனியாக இருக்கக் கூடாது. அது ஐயராக இருந்தாலும் சரி. மூன்று, புகார் வாங்க ஒருவரை நியமியுங்கள். அவர் சேகரக் கமிட்டியில் இல்லாதவராக, முடிந்தால் ஒரு பெண்ணாக இருக்கட்டும். நான்கு, பாலியல் புகார் வந்தால் முதல் போன் போலீசுக்கு; கமிட்டிக்கு அல்ல. 2012ஆம் வருஷத்து போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது 21ஆம் பிரிவின்படி குற்றம். தன் கீழ் வேலை பார்ப்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஒரு வருஷம் வரை சிறை. "ஜெபம் பண்ணி முடிவெடுப்போம்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

முல்லாலி அம்மையாரை இந்த அளவுகோலால்தான் நான் அளப்பேன். அடுத்து வரும் நம்ம பேராயரையும் அப்படித்தான். ஆணா பெண்ணா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி.

அடுத்த ஃபார்வர்டை அனுப்புமுன் உங்கள் சேகரக் கமிட்டி செயலாளருக்கு ஒரே ஒரு வரி அனுப்புங்கள்: இந்த வருஷம் கேம்புக்கு வருகிற அண்ணன் யார், இதற்கு முன் எங்கே இருந்தார், விசாரித்தது யார்? பதில் வரும்வரை பிள்ளையின் பெயரைக் கொடுக்காதீர்கள்.