டிஸ்க் என்னுடையது, பூட்டு யாருடையது?

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த சக அதிகாரி ஒருவர், டிவியில் ஓடிக்கொண்டிருந்த அனுமார் கேமைப் பார்த்துவிட்டு, "என்ன சார், ஆபீசர் வீட்டிலேயே பைரசியா?" என்று சிரித்தார். நானும் சிரித்து, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. அவரிடம் சொல்லாத பதிலை இங்கே இறக்கி வைக்கிறேன்.

2009-ல் நாக்பூருக்கு மாற்றல். பையனுக்கு ஆறு வயசு. இந்தியும் தெரியாது, மராட்டியும் தெரியாது. சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்தே கிடப்பான். அப்போது வாங்கியதுதான் 'ஹனுமான்: பாய் வாரியர்'. ஹைதராபாத்தில் உருவாகி அந்த வருஷம் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது. அதை ஆட வந்த பக்கத்து வீட்டுப் பசங்களிடம்தான் இவன் இந்தி கற்றான். அப்புறம் போபால், அகமதாபாத், மறுபடி நாக்பூர். சாமான் ஏற்றி இறக்கியதில் கிரைண்டர் போச்சு, பீரோ கால் போச்சு. டிஸ்க் மட்டும் கீறல் இல்லாமல் வந்தது. ஆனால் மிஷினின் லென்ஸ் போய்விட்டது. புதுசு வாங்கலாமென்றால் அதன் உற்பத்தியே 2013-க்குள் நின்றுவிட்டது.

வீட்டில் பிஎஸ் 3 இருக்கிறது. வேடிக்கை இங்கேதான். 2006-ல் வந்த முதல் பிஎஸ் 3-க்குள் பிஎஸ் 2 சிப்பே இருந்தது. பழைய டிஸ்கைப் போட்டால் ஓடும். 2007-லிருந்து அதைக் கழற்ற ஆரம்பித்தார்கள். பிறகு சில பழைய கேம்களை 'பிஎஸ் 2 கிளாசிக்ஸ்' என்று ஆன்லைனில் திரும்ப விற்றார்கள். அவற்றை ஓட்டும் எமுலேட்டர் எங்கள் மிஷினுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் என் டிஸ்கைத் தொடாது. அவர்களிடம் மறுபடி வாங்கியதை மட்டும்தான் ஓட்டும். அனுமாரோ, நான் தேடியவரை அந்தக் கடையிலேயே இல்லை!

என் மகன் செய்தது இவ்வளவுதான். பிஎஸ் 3-ல் கஸ்டம் ஃபர்ம்வேர் போட்டான். டிஸ்கை கம்ப்யூட்டரில் ஐஎஸ்ஓ ஆக்கி, அந்த கிளாசிக்ஸ் வடிவத்துக்கு மாற்றி ஏற்றினான். "டிஸ்க்கும் நம்மளுது, மிஷினும் நம்மளுது. யாரைக் கேட்கணும்ப்பா?" என்றான்.

நான் வக்கீல் இல்லை, வெறும் பி.காம். ஆனால் 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் படித்தேன். புரோகிராமை முறையாக வைத்திருப்பவர், அது சேதமாகாமல் இருக்க பேக்கப் எடுக்கலாம் என்கிறது. 2012-ல் சேர்ந்த 65ஏ, பூட்டை உடைப்பது குற்றம் என்கிறது. ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான். இதில் என் மகன் யார் உரிமையை மீறினான்?

எங்கள் தொழிலைப் பாருங்கள். 2020 ஏப்ரல் 1 அன்று பத்து அரசு வங்கிகள் நான்காயின. பெயர் மாறியது, செக் புக் மாறியது. "சாஃப்ட்வேர் மாத்திட்டோம், உங்க பழைய டெபாசிட் இனி செல்லாது" என்று யாராவது சொல்ல முடியுமா? சொன்னால் கவுண்டரை உடைத்திருப்பீர்கள். கேம் கம்பெனி சொன்னால் மட்டும் தலையாட்ட வேண்டுமாம்! அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று அங்குள்ள வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் கணக்குக் காட்டியது. விற்கவும் மாட்டார்கள், வாங்கினவனை ஓட்டவும் விடமாட்டார்கள். இதற்குப் பெயர் என்ன?

அதற்காக எல்லாரும் உத்தமர் என்று சொல்ல வரவில்லை. "ஹார்ட் டிஸ்கில் நூறு கேம் ஏத்தித் தரேன் சாப்" என்றார் ரிப்பேர் கடைக்காரர். அது சுத்தமான திருட்டு; வேண்டாம் என்று வந்துவிட்டேன். நானும் அந்தக் காலத்தில் பிளாட்பாரத்தில் முப்பது ரூபாய் டிஸ்க் வாங்கியவன்தான். அவற்றை மாற்றக்கூடாது என்று மகனிடம் சொல்லிவிட்டேன். காசு கொடுத்ததற்கு மட்டும்தான் உரிமை கேட்கிறேன்.

கம்பெனிகளுக்கு ஒரே வார்த்தை: விற்பதை நிறுத்தினால் பூட்டைத் திறந்து விடுங்கள்.

டிஸ்கி: அடுத்த மாற்றலுக்கு மூட்டை கட்டும்போது பழைய டிஸ்குகளைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஊர் ஊராக மாறிய நம் பிள்ளைகளுக்கு மாறாமல் கூட வந்தது அவைதான்.