கல்லாதார் கல்லாற்றில் இறங்கலாமா?

திருவனந்தபுரத்தில் வாழும் நம்மவர்களுக்குச் சனி, ஞாயிறு வந்தால் நாகர்கோவில், திருநெல்வேலி பஸ்ஸைப் பிடிப்பதுதான் வழக்கம். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று ஊரில் ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். தவறில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகள் நமக்குச் சோறு போடும் இந்த மண்ணையும் கொஞ்சம் சுற்றிப் பார்க்க வேண்டாமா?

நாங்கள் நான்கைந்து குடும்பத்தார், கல்லூரி செல்லும் பிள்ளைகளோடு, சைக்கிளில் கிளம்புவதுண்டு. சனிக்கிழமை நெடுமங்காடு வழியாக விதுரா போய்த் தங்கி, மறுநாள் பொன்முடி சாலையில் கல்லாறு சேர்வோம். அங்கே வனத்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு காட்டுக்குள் நடந்தால் மீன்முட்டி அருவி. நீரை எதிர்த்து ஏறிவரும் மீன் முட்டி நிற்கும் இடம் என்று பெயருக்கு விளக்கம் சொல்கிறார்கள். மூலிகை வைத்தியத்துக்காக 2018இல் பத்மஸ்ரீ பெற்ற காணிக்காரர் இனத்து லட்சுமிக்குட்டி அம்மையார் இந்தக் கல்லாற்றுக் காட்டில் வாழ்பவர்தான்.

இந்த இடம் நமக்கு அந்நியமும் அன்று. நாம் பொதிகை என்று கொண்டாடும் மலைத்தொடரின் மேற்குப் பக்கம் இது. கிழக்கே இறங்கும் நீர் தாமிரபரணி. மேற்கே இறங்குவதில் ஒன்று கல்லாறு. வாமனபுரம் ஆற்றோடு போய்ச் சேர்கிறது. நம்மில் பலர் வீட்டருகே ஓடும் கரமனை ஆறும் இதே மலைகளில் பிறந்ததுதான்.

ஆனால் நான் எழுத வந்தது அழகைப் பற்றி அல்ல, ஆபத்தைப் பற்றி. கல்லாறு பார்க்கச் சாது. தெளிந்த நீர், உருண்டைக் கற்கள், முழங்கால் ஆழம். இரண்டடி தள்ளினால் ஆளை விழுங்கும் பள்ளம். மேலே மலையில் மழை கொட்டினால், கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். பாசி படிந்த பாறையில் காலும் நிற்காது. 2022 அக்டோபரில் இங்குள்ள வட்டக்கயத்தில் இறங்கிய மூவர் மூழ்கி இறந்தார்கள். மலையாளம் அறிந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், எச்சரிக்கைப் பலகையைப் படிக்கத் தெரியாத நம் நிலை என்ன?

ஆம், இதுதான் என் ஆதங்கம். நம்மில் பலர் இருபது, முப்பது ஆண்டுகளாக இங்கே இருக்கிறோம். சாலைக் கடைத்தெருவில் மலையாளத்தில் பேரம் பேசுகிறோம், சினிமா பார்க்கிறோம். ஆனால் பஸ் பலகை தொடங்கி மருத்துவமனைச் சீட்டு வரை பிள்ளைகள்தான் படித்துச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் கூட இல்லாத நேரத்தில் என்ன செய்வது?

இத்தனைக்கும் அந்த எழுத்துக்குப் பின்னால் இருப்பவை பெரும்பாலும் நம் சொற்களே. ‘கயம்’ என்றால் ஆழமான நீர்நிலை. பழந்தமிழ்ச் சொல். நாம் பேச்சில் விட்டுவிட்டோம். இவர்கள் இன்றும் அன்றாடம் சொல்கிறார்கள். எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் பொருள் தானே விளங்கிவிடும்.

மலையாளம் படித்தால் தமிழ் போய்விடும் என்று சில பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். இந்த அச்சம் எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டில் பேசாமல், பிள்ளைக்குச் சொல்லித் தராமல் விட்டால்தான் தமிழ் போகும். அண்டை வீட்டு எழுத்தைக் கற்றதால் போகாது.

பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துவது நம் கடமை. அதே நேரத்தில், பக்கத்து அறையில், பெற்றோருக்கு மலையாள எழுத்து வகுப்பும் நடக்கட்டும். பிள்ளைகளே ஆசிரியராக இருக்கலாம். மூன்று மாதம் போதும். முடிவில் எல்லோருமாகக் கல்லாற்றுக்குப் போவோம். பலகையைப் பெரியவர்கள் வாய்விட்டுப் படிக்கட்டும். அதன்பின் எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்று முடிவு செய்யலாம். சங்க நிர்வாகிகள் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.