முதுகுவலிக்குத் தைலம் தேய்ப்பதற்கு முன்...

எங்கள் காரைக்குடிப் பக்கம் முதுகுவலி என்றால் உடனே தைலம்தான். நானும் எழுதிக் கொடுக்கிறவன்தான். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் தொக்கணம் படித்து வந்தவன். ஆனால், "இதற்கு முன்னால் உங்களுக்குப் புற்றுக்கட்டி ஏதாவது வந்ததுண்டா?" என்று கேட்காமல் யார் முதுகிலும் கை வைப்பதில்லை.

ஏன் தெரியுமா? மார்பு, நுரையீரல், புராஸ்டேட், சிறுநீரகம் இங்கெல்லாம் வரும் கான்சர் எலும்புக்குப் பரவினால், அதிகமாகப் போய் உட்காருவது முதுகெலும்பில்தான். ஐந்து வருஷம் முன்னால் மார்பில் ஆபரேஷன் முடிந்து நன்றாயிருந்த அம்மாவுக்கு இன்று முதுகு வலிக்கும். "வாயுப் பிடிப்பு, வேறென்ன" என்பார்கள் வீட்டில். படுத்தால் குறைய வேண்டிய வலி படுத்தால் கூடுகிறதா? ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிறதா? இருமினால் சுரீரென்கிறதா? தயவு செய்து பிடித்துவிடாதீர்கள். அரித்துப்போன எலும்பு அழுத்தினால் நொறுங்கக்கூடும். கால் துவண்டு, நடை தள்ளாடி, மூத்திரம் கட்டிக்கொண்டால் தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருள். அப்புறம் நாள் கணக்கு இல்லை, மணிக் கணக்கு!

இந்த இடத்தில்தான் ஆபரேஷன் என்ற பேச்சு வரும். "பரவிப்போன நோய்க்கு ஆபரேஷன் எதற்கு? கதிர் வைத்தியம் போதாதா?" என்பீர்கள். ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள். கட்டி பெரும்பாலும் எலும்பின் முன்பக்கத்தில் இருக்கும். அந்நாளைய ஆபரேஷனிலோ பின்பக்க எலும்பை மட்டும் எடுப்பார்கள். பிறகு, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள கட்டியையே அகற்றி, உலோகத் தண்டும் திருகாணியும் வைத்து எலும்பை நிறுத்தும் முறை வந்தது. அமெரிக்காவில் ராய் பாச்சல் என்ற டாக்டரும் கூட்டாளிகளும் 101 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2005-இல் வெளியானது. ஆபரேஷனும் கதிரும் பெற்றவர்களில் நூற்றுக்கு 84 பேர் சிகிச்சைக்குப்பின் நடந்தார்கள். கதிர் மட்டும் பெற்றவர்களில் 57 பேர். நடக்க முடியாமல் வந்தவர்கள் இரு பக்கமும் பதினாறு பதினாறு பேர். ஆபரேஷன் பக்கம் 10 பேர் எழுந்து நடந்தார்கள், மறுபக்கம் 3 பேர்தான்.

நோய் போய்விட்டதா என்றால், இல்லை. அதற்காகச் செய்கிற ஆபரேஷனே அல்ல இது. எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். முகப்பிலிருந்து பின்கட்டுக்குப் போக எத்தனை நடை, எத்தனை நிலைப்படி! அப்பச்சி அந்தத் தூரத்தைத் தானே நடந்து போய் வருவதும், மற்றவர் கையை எதிர்பார்த்துக் கட்டிலில் கிடப்பதும் ஒன்றாகுமா? "எத்தனை வருஷம் இருப்பார்?" என்று டாக்டரிடம் கேட்கிறோமே தவிர, "இருக்கிறவரை நடப்பாரா?" என்று கேட்பதில்லை. அவரிடமே விஷயத்தைச் சொல்லாமல் பிள்ளைகள் கூடிப்பேசி "வேண்டாம்" என்று முடிவு கட்டுவது எனக்குச் சற்றும் பிடிக்காத வழக்கம்.

எல்லோருக்கும் இது பொருந்தாதுதான். மூன்று மாதம்கூடத் தாங்காத உடம்பு, கால் முற்றிலும் விழுந்து இரண்டு நாளுக்கு மேலானவர்கள்... இவர்களுக்குப் பலன் குறைவு. நிணநீர்க் கட்டி போன்ற சில வகைகள் கதிருக்கும் மருந்துக்குமே கரையும். அதை முடிவு செய்ய வேண்டியவர் தண்டுவட சர்ஜன். நானும் அல்ல, பக்கத்து வீட்டுக்காரரும் அல்ல.

கால் துவண்டால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு அன்றைக்கே கிளம்புங்கள். பஸ்ஸில் உட்கார வைத்துக் குலுக்காமல், ஆம்புலன்ஸில் மல்லாக்கப் படுக்க வைத்துக் கொண்டு போங்கள். பழைய ரிப்போர்ட்டுகள், காப்பீட்டு அட்டை கையோடு இருக்கட்டும். முதுகு முழுவதற்கும் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், வீக்கம் குறைய ஸ்டீராய்டு ஊசி போடலாம். சித்த மருந்து ஏதும் சாப்பிட்டு வந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நான் கொடுத்த சூரணமாயிருந்தாலும் சரி!