மேசன் குனியாத சாரம்

புதிய கருவியொன்று கட்டட வேலைத்தலத்துக்கு வரும். நான்காம் நாள் மூலையிற் கிடக்கும். தொழிலாளருக்குப் பழமையே பிரியம் எனப் பொறியியலாளர் குறைகூறுவர். நாம் இதனை ஒப்புவதற்கில்லை.

1885 ஆம் ஆண்டில் பிராங்க் கில்பிரெத் என்னும் அமெரிக்க இளைஞர் கல்லூரிப் படிப்பை விடுத்து, பொஸ்ரன் நகரிலே மேசன் வேலை பழகச் சென்றார். (மாணவர்கள் இதனை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டா!) ஒரு செங்கல்லை எடுப்பதற்காக மேசன் தன் உடல் முழுவதையும் தாழ்த்தி நிமிர்த்துவதை அவர் கண்டார், தாமும் அவ்வாறே குனிந்தார். பின்னர், சுவர் உயர உயரத் தூக்கி வைக்கத்தக்க சாரமொன்றை அமைத்து, கல்லும் சாந்தும் எப்போதும் கைக்கு எட்டும் மட்டத்தில் இருக்கச் செய்தார். நல்ல முகம் தெரியக் கல்லை அடுக்கிக் கொடுக்க உதவியாள் நின்றான். கல்லொன்றுக்கு 18 ஆக இருந்த அசைவுகள் 5 ஆயின. மணிக்கு 120 கல் வைத்த மேசன் 350 வைத்தார் எனத் தொழில் முகாமை நிபுணர் ரெயிலர் 1911 இல் எழுதினார். முதலாளிக்கு இலாபந்தான், ஆயினும் மேசனின் முதுகும் தப்பியது.

இன்று சில இடங்களில் வேலைக்கணக்கைக் கைத்தொலைபேசியிற் பதியுமாறு பணிக்கின்றனர். விரலிலோ சீமெந்து, உச்சி வெயிலில் திரையின் எழுத்தும் தெரியாது. பதிந்த கணக்கு மேலதிகாரிக்கு மட்டுமே உதவும். மேசன் தமக்கு வேண்டிய அளவைப் பென்சிலாற் சுவரிலேயே குறித்துவிட்டுக் கரண்டியை எடுக்கிறார்.